வெள்ளிக்கிழமை மாத்திரை

மூன்றாவது வெள்ளியும் வியாகுலம்மாள் வரவில்லை. ராயபுரம் டி.பி. ஆஸ்பத்திரியில் திங்கள், புதன், வெள்ளி காலையில் மாத்திரை. ஊழியர் பார்க்க விழுங்க வேண்டும். இப்படியே விட்டால் மருந்துக்கு நோய் அடங்காது, முதலிலிருந்து ஊசியோடு தொடங்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். "வெள்ளிக்கிழமை மீன் வியாபாரம் ஜாஸ்தி. அதான்" என்றாள் நர்ஸ். ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வந்திருந்த செங்கொடியிடம் விஷயத்தைத் தள்ளினார்கள்.

செங்கொடி உளவியல் படித்தவள். திங்களன்று வந்தவளை உட்கார வைத்துப் படித்த தமிழில் கேட்டாள். "வாழ்க்கையில் நம்பிக்கை இழந்ததுபோல் உணர்கிறீர்களா?"

"இன்னாம்மா கேக்குற? தூக்கு மாட்டிக்கிறவ மாதிரியா கீறேன்?" வியாகுலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தவக்காலம். வெள்ளிக்கெழம ஒருசந்தி இருக்கேன். ஒரு வேளதான் சோறு. வெறும் வயித்துல இத்த முழுங்கினா கொடலே வெளிய வந்துரும்."

செங்கொடிக்கு வழி பளிச்சென்று தெரிந்தது. புளியந்தோப்பில் அவள் வீடு பௌத்த வீடு. அப்பா ஒருநாள் சாமி படங்களைக் கழற்றிப் பரணில் போட்டார், அத்தோடு வீட்டில் எல்லா விரதமும் நின்றது. கிறிஸ்தவர்களுக்குப் பங்குச் சாமியார் சொன்னால் போதும் என்று நினைத்தாள். அன்று மாலையே மாதா கோயிலுக்குப் போய் அவரிடம் பேசினாள். சாமியார் நல்ல மனிதர். ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலிலேயே வியாகுலம்மாளை நிறுத்திச் சொன்னார். "நோயாளிக்கு ஒருசந்தி கடமையில்லம்மா. டி.பி. மருந்த விடாம சாப்பிடு."

சுற்றிலும் பத்துப் பெண்கள் நின்றார்கள்.

திங்களன்று அவள் கூடையில் யாரும் கை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் அவள் வரவில்லை. புதனும் வரவில்லை. செங்கொடி மார்க்கெட்டுக்குப் போனாள். மத்தியானமாகியும் கூடையில் காரப்பொடி மீன் அப்படியே கிடந்தது. பக்கத்துக் கடைக்காரி தங்கபுஷ்பம் தன் பலகையை நாலடி தள்ளிப் போட்டிருந்தாள்.

"வா தாயி" என்றாள் வியாகுலம்மாள். "ஊருக்கே தமுக்கடிச்சுட்டியே, இன்னும் இன்னா பாக்கி கீது?"

"தப்பு எம்மேலதான்."

"சாமியாரா நேந்துகினாரு, அவுரு அவுக்கறதுக்கு? எம்புள்ள பிராங்கிளின் துபாய்ல தோணி வேலைக்குப் போயி ஆறு மாசமா போன் இல்ல. அவன் வந்து சேரணும்னு மாதா முன்னாடி நான் நேந்துகினது. மாத்திரய வேணா வுடுவேன். அத்த வுட மாட்டேன்."

சொல்லிவிட்டு இருமினாள். பொதுவாகக் குனிந்து இருமுகிறவள் இப்போது எல்லோருக்கும் கேட்கட்டும் என்று இருமினாள்.

செங்கொடி குந்தி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரித் தமிழ் நாக்கிலிருந்து தானாகக் கழன்றது. "ஒருசந்தின்னா, அந்த ஒரு வேள எப்ப துன்னுவ?"

"பன்னெண்டு மணி அடிச்ச அப்பால. கஞ்சியும் தொவையலும்."

"கஞ்சி குடிச்சுட்டு மாத்திரயும் போட்டுக்கினா?"

வியாகுலம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நீங்கதான் ஆஸ்பத்திரிய பூட்டிக்கினு பூடுவீங்களே."

"நான் கீறேன்."

"இத்த மொதநாளே கேட்டிருந்தா இன்னா?"

செங்கொடி எழுந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சாப்பிட்டு விழுங்கினாலும் பாதகமில்லை, விடுவதுதான் பாதகம் என்றார் டாக்டர். நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாள்.

வெள்ளியன்று கோயில் மணி அடித்து வெகுநேரம் கழித்து வியாகுலம்மாள் வந்தாள். மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள், வாயைத் திறந்து காட்டினாள். கூடையை இனி திருவொற்றியூருக்குத் தூக்கப் போகிறாளாம். அங்கே அவளை யாருக்கும் தெரியாது.

"போன் வந்துச்சா?"

"இல்ல." எழுந்தவள் ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "காரப்பொடி. காலையில வந்தது. எவளும் வாங்கல. நீ துன்னுவியா, மாட்டியா?"

"துன்னுவேன்."

செங்கொடி அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அம்மா ரமாபாய் பிரித்துப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"நல்லா கீதே. யாராண்ட வாங்கின?"

"மார்க்கெட்ல."

"மார்க்கெட்ல யாராண்டடி?"

செங்கொடி அரிவாள்மனையை எடுத்துக் கொடுத்தாள்.