கீச்சானுக்குப் பசி

தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கு முடிந்துவிட்டால் பெண்ணும் மாப்பிள்ளையும் தாலி கட்டும்வரை ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. வீட்டுப் படலையைத் தாண்டவும் கூடாது. இந்த வீட்டு மறியல் மேனுகாவுக்குப் பெரிய துன்பமாகத் தெரியவில்லை. பார்த்தால் மட்டும் என்ன, சுகிர்தன் கதைத்துவிடவா போகிறான்?

அவன் பூநகரிப் பக்கம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பெண் பார்க்க ஒரு தரமும் நாள் குறிக்க ஒரு தரமுமாக அக்கராயனுக்கு வந்தான். இரண்டு தரமும் தேத்தண்ணீரைக் குடித்து, "நல்லது" என்று சொல்லிப் போனான். பின்னேரங்களில் தொலைபேசி எடுப்பான்.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம். சரி, அப்ப வைக்கிறன்."

"நான் வேலை செய்யிற பிரதேச செயலகத்துக்கு வாற சுற்றறிக்கை இவரை விடக் கூடக் கதைக்குமடி" என்று தங்கை சுதாஜினியிடம் மேனுகா சொல்லிச் சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் பயம் இருந்தது. அவள் வளர்ந்த வீட்டில் அப்பா தில்லைநாதனும் அம்மா கமலாசனியும் ஒரு கத்தரிக்காயை வைத்தே அரை மணித்தியாலம் சண்டை பிடித்துச் சிரிப்பார்கள். நல்ல மனிதர், நல்ல வேலை, குடி இல்லை, எல்லாம் சரிதான். ஆனால் சிரிக்கத் தெரியாத ஒருவரோடு காலம் முழுக்க எப்படிச் சோறு தின்பது? இதை அம்மாவிடம் சொல்ல முடியாது. "பந்தல் போட்ட பிறகு என்ன கதை?" என்பாள்.

கலியாணப் பதிவுக்குப் பிறப்பு அத்தாட்சி தேவைப்பட்டது. அலுமாரிக்குள் தொங்கிய பச்சைப் பையை மேனுகா இறக்கினாள். காணிப் பெர்மிட், அத்தாட்சிகள், அப்பாவின் பழைய அடையாள அட்டை என்று எந்த இடப்பெயர்விலும் அம்மாவின் தோளை விட்டு இறங்காத பை அது. யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் அம்மா அதைக் கலைக்க விடவில்லை. பிறப்பு அத்தாட்சியை இழுத்தபோது, உள்பக்கச் சின்ன உறையிலிருந்து பொலித்தீன் சுற்றிய ஏதோ ஒன்று நிலத்தில் விழுந்தது.

மேனுகா பொலித்தீனைப் பிரித்தாள். மஞ்சள் நிறம், கோழிமுட்டை வடிவம். நடுவில் நகமளவு கண்ணாடி. கீழே மூன்று பொத்தான்கள்.

"சுதா! அம்மா! கெதியா ஓடி வாங்கோ! கீச்சான்! கீச்சான் இருக்குது!"

குசினியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் தாச்சியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கமலாசனியின் கை முழுக்க அரிசி மா.

"என்ன பிள்ளை, எலியோ?"

"எலியில்லை அம்மா, கீச்சான்! சின்னனில நான் வளர்த்தது. சுவிஸ் பெரியம்மா கொண்டு வந்து தந்தவா!"

கமலாசனி எட்டிப் பார்த்தாள். "அட, உந்த மணிக்கூடோ? வார் அறுந்து கிடந்தது. வெளிநாட்டு மணிக்கூடு, நல்ல விலை வருமெண்டு எடுத்து வைச்சனான்."

சுதாஜினி சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். வாசலில் நின்ற தில்லைநாதன் கைகளை விரித்தார். "கேட்டீங்களோ? தையல் மெசினை விசுவமடுவில விட்டுட்டு வந்த மனிசி, விளையாட்டுச் சாமானைத் தோளில போட்டுக்கொண்டு திரிஞ்சிருக்கிறா!"

"ஷெல்லடிக்குள்ள நிண்டு பொலித்தீனைப் பிரிச்சுச் சோதிக்கச் சொல்லுறீங்களோ? அப்ப இது மணி காட்டாதோ?"

"பசி காட்டும் அம்மா" என்றாள் மேனுகா. "நித்திரை காட்டும். கோவம் காட்டும். கக்கூசும் இருக்கும்."

"அதுக்கு வீட்டில ஏற்கெனவே ஒராள் இருக்கிறார்" என்று கமலாசனி கணவரைப் பார்த்தாள்.

சமாதானம் என்று வன்னிக்குப் பாதை திறந்து வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் வந்துபோன காலத்தில் வந்த பரிசு அது. பொத்தானை அமத்தினால் கண்ணாடிக்குள் ஒரு குஞ்சு சாப்பிடும், துள்ளும். கவனிக்காவிட்டால் கீச்சுக் கீச்சென்று கத்தும். அதனால்தான் கீச்சான். சட்டைப் பைக்குள் ஒளித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய், பிரார்த்தனை நேரத்தில் அது கத்தி, வெளியில் வெயிலில் நின்றதெல்லாம் உண்டு. பிறகு யுத்தம் திரும்பிப் பாதை மூடியது. அந்தச் சின்னப் பற்றறி வன்னியில் எங்கும் கிடைக்கவில்லை. கீச்சான் மங்கி மங்கி மறைந்தது. இடம்பெயர்ந்தபோது தொலைந்த சாமான்களில் அதுவும் ஒன்று என்றுதான் மேனுகா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

சுதாஜினி சின்னத் திருப்புளியால் பின்மூடியைக் கழற்றினாள். பழைய பற்றறிகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. தேசிக்காய்ப் புளியில் பஞ்சைத் தொட்டு உள்ளே துடைத்தார்கள். அடுப்புத் திட்டில் சூடு படுகிற இடத்தில் காய வைத்தார்கள். தகடுகள் பளிச்சென்று வந்தன.

"அப்பா, கிளிநொச்சிக்குப் போனால் பட்டன் பற்றறி ரெண்டு..."

"பந்தல்காரன், ஐயர், வாழைக்குலை, இப்ப பற்றறியுமோ? கலியாணம் முடியட்டும் பிள்ளை."

முப்பது வயதுப் பெண்ணுக்கு அதற்குமேல் பொறுமை இருக்கவில்லை. கையில் தொலைபேசி இருந்தது. படமெடுத்தாள். யோசிக்காமல் சுகிர்தனுக்கு அனுப்பினாள்.

"இது என்ர கீச்சான்! சின்னனில வளர்த்தது, இண்டைக்குத்தான் கண்டெடுத்தனாங்கள்! பட்டன் பற்றறி ரெண்டு இருந்தால் உயிர் வந்திடும்! உங்கட பக்கம் கிடைக்குமோ?"

அனுப்பிய பிறகுதான் ஆச்சரியக்குறிகளைப் பார்த்தாள். அவன் வாசித்துவிட்டான் என்று நீலக் கோடுகள் காட்டின. பதில் வரவில்லை. பின்னேரம் வழக்கமான அழைப்பும் வரவில்லை.

"போச்சு. விசர் பிடிச்ச பொம்பிளை எண்டு நினைச்சிட்டார்."

"இல்லை அக்கா, சுற்றறிக்கை மேலிடத்துக்குப் போயிருக்கும். அனுமதி வரவேணுமல்லோ" என்றாள் சுதாஜினி. மேனுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை பூநகரியிலிருந்து சுகிர்தனின் தமக்கை சிவலட்சுமி வந்தாள். தைத்து முடிந்த கூறைச் சட்டையை மேனுகா போட்டுப் பார்க்க வேண்டும். அதற்காக மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். தோள் சரி, கை சரி. தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தவளாகக் கைப்பையைத் திறந்தாள்.

"தம்பி திருநீறு தந்துவிட்டவன் மாமி. பிள்ளையார் கோயில் திருநீறாம். மேனுகாட கையில குடுக்கச் சொன்னவன்."

மேனுகா கையை நீட்டுமுன் கமலாசனி அந்தப் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்ன பக்தியான பிள்ளை! கண்ட இடத்தில வைக்கேலாது" என்று நேரே சாமியறைக்குக் கொண்டு போனாள்.

மேனுகா கதிரையில் இருந்துவிட்டாள். பற்றறி கேட்டவளுக்குத் திருநீறு. புத்தி தெளியட்டும் என்று அனுப்பியிருக்கிறார் போல. அப்போது தொலைபேசி அதிர்ந்தது.

"திருநீறு கிடைச்சதோ?"

"ஓம். நன்றி" என்று எழுதினாள்.

"பூசிப்போடாதையுங்கோ. உள்ளுக்குக் கனமான அருள் இருக்குது."

அவள் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கதிரை விழ எழும்பிச் சாமியறைக்கு ஓடினாள். கமலாசனி நெற்றி நிறையத் திருநீற்றோடு கைகூப்பி நின்றாள். பொட்டலம் விரிந்து கிடந்தது. உள்ளே திருநீறு மட்டும்தான் இருந்தது.

"அம்மா, இதுக்குள்ள வேற ஒண்டும் இருக்கேல்லையோ?"

"இருந்தது. வெள்ளிக்காசு ரெண்டு. மாப்பிளை அம்மனுக்கு நேர்ந்திருக்கிறார் எண்டு உண்டியலுக்குள்ள போட்டிட்டன்."

"ஐயோ அம்மா, அது காசில்லை, பற்றறி!"

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கென்று பூட்டிய தகர உண்டியல் படங்களுக்கு முன்னால் இருந்தது. அதில் விழுந்ததைத் திருப்பி எடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இடப்பெயர்வில் பட்டினி கிடந்த நாளிலும் கமலாசனி அதைத் தொட்டவளில்லை.

"அம்மனுக்குப் போட்டது போட்டதுதான்."

"அம்மனுக்குப் பற்றறி என்னத்துக்கம்மா?"

"அதை நீ கேட்கிறியோ?"

சத்தம் கேட்டுச் சிவலட்சுமியும் சுதாஜினியும் வந்துவிட்டார்கள். சுதாஜினி கீச்சானைக் காட்டி விளங்கப்படுத்தினாள். சிவலட்சுமி தலையில் கைவைத்தாள்.

"அதுக்கோ நேற்று முழுக்க அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தவன்! தானும் வெளியில போகேலாது, வீட்டில கிடந்த கல்குலேற்றர் எல்லாத்தையும் கழட்டிப்போட்டான். என்னடா எண்டு கேட்டால், 'ஒரு சீவனைக் காப்பாத்திறன் அக்கா, கரைச்சல் தராதை' எண்டான்!"

"இவரோ அப்பிடிச் சொன்னவர்?" என்றாள் மேனுகா.

"ஏன் கேட்கிறீர்? அவன் வாய் மூடுறவனோ? போன வருசம் ஒரு சம்பந்தம் சரிவந்து, பொம்பிளைட தகப்பன்ர மீசையைப் பற்றி ஏதோ பகிடி விட்டுக் குழப்பிப்போட்டான். அதுதான் இந்தமுறை நான் சத்தியம் வாங்கினனான். தாலி ஏறுமட்டும் 'ஓம்', 'நல்லது', 'சாப்பிட்டீங்களோ', இதுக்கு மேல ஒரு சொல்லும் வரக்கூடாது எண்டு."

மேனுகா சிவலட்சுமியைக் கட்டிப்பிடிப்பதா, உலுக்குவதா என்று தெரியாமல் நின்றாள். "மச்சாள், உங்களால நான் ரெண்டு மாசமா நித்திரை கொள்ளேல்லை!"

கடைசியில் தில்லைநாதன்தான் தீர்ப்புச் சொன்னார். அம்மனுக்கு நட்டம் வரக்கூடாது, அவ்வளவுதானே. இரண்டு பற்றறிக்குப் பதிலாக இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அவரே மடித்துப் போட்டார். கமலாசனி அம்மனிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டு உண்டியலைத் திறந்தாள்.

சுதாஜினி பற்றறிகளைப் பொருத்தி மூடியை முறுக்கினாள். ஐந்து தலைகள் ஒன்றோடொன்று முட்டின. கண்ணாடி கறுத்தது, வெளுத்தது. கீச்! மேனுகா கத்தியே விட்டாள். நடுவில் ஒரு சின்ன முட்டை மெல்ல ஆடியது. பிறகு நேரத்தைச் சரிசெய்யச் சொல்லி எண்கள் மின்னின.

"பாத்தீங்களோ!" என்று கமலாசனி கணவரை இடித்தாள். "மணி காட்டுது! நான் சொன்னது மணிக்கூடெண்டுதானே?"

முட்டை வெடித்துக் குஞ்சு வந்தபோது, அடுப்பில் கிடந்த அரியதரப் பலகாரம் கருகிய மணம் குசினியிலிருந்து வந்தது. யாரும் எழும்பவில்லை.

மேனுகா துள்ளுகிற குஞ்சைக் காணொளியாக எடுத்து, "மச்சாள் சத்தியக் கதையைச் சொல்லிப்போட்டா" என்று எழுதி அனுப்பினாள். இந்தத் தரம் உடனே பதில் வந்தது. "நல்லது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து இன்னொன்று வந்தது. "அக்கா பக்கத்தில நிக்கிறாவோ? சத்தியத்தை மீறேல்லை எண்டு காட்டிவிடுங்கோ."

அதற்குப் பிறகும் பின்னேர அழைப்பில் "சாப்பிட்டீங்களோ"தான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு அடங்கிக் கிடப்பதாக அவளுக்குக் கேட்டது. கேட்டதா, அல்லது கேட்க ஆசைப்பட்டதா? சிவலட்சுமியின் சொல்லும் தொலைபேசி எழுத்தும் ஒன்று. நேரில் பக்கத்தில் இருக்கும்போது வருகிற கதை வேறு. அதை அவள் இன்னும் ஒரு தரமும் கேட்கவில்லையே.

கலியாணம் கிளிநொச்சி மண்டபத்தில். தலைப்பாகையும் சால்வையுமாக வந்த சுகிர்தன் மணவறையில் அரசாங்க முத்திரையில் உள்ள படம்போல் நிமிர்ந்து இருந்தான். மேனுகா ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் ஐயரைப் பார்த்தான். மேளம் கொட்டியது, தாலி ஏறியது. சத்தியம் முடிந்துவிட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை. அக்கினியைச் சுற்றும்போது அவளுடைய விரலை இறுக்கிப் பிடித்திருந்தான். பயந்திருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. போன சம்பந்தம் ஒரு பகிடியில் குழம்பியது. இந்தச் சம்பந்தத்தில் எந்தச் சொல்லோடு தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பூதாக்கலத்துக்கு இருவரையும் ஒரே வாழையிலைக்கு முன் இருத்தினார்கள். சோறும் கறிகளும் வந்தன. சொந்தங்கள் சுற்றி நின்று தொலைபேசிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். மாப்பிள்ளை முதல் கவளம் ஊட்ட வேண்டும். சுகிர்தன் சோற்றைத் திரட்டினான். கை அரைவழியில் நின்றது.

கீச் கீச் கீச்!

தோழிப்பெண்ணாகப் பின்னால் நின்ற சுதாஜினியின் கைப்பைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. "ஆற்ற போன் அது? நிப்பாட்டுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். கமலாசனி முகத்தை மூடிக்கொண்டாள்.

மேனுகா யோசிக்கவில்லை. பின்பக்கம் இடக்கையை நீட்டிக் கீச்சானை வாங்கினாள். அத்தனை கமராக்களுக்கும் முன்னால் சோற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்களிட்டத்தான் கேட்குது" என்றாள் அவனிடம். "அருள் தந்து உயிர் குடுத்தவர் நீங்கள். சாப்பாடும் நீங்கள்தான் குடுக்கோணும்."

அவன் கீச்சானைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சுண்டுவிரலால் பொத்தானை அமத்தினான். சத்தம் நின்றது. உதடு ஒரு பக்கம் மட்டும் மெல்ல வளைந்தது. ஆனால் அவனுடைய அக்கா சிவலட்சுமி எதிரில் நின்றாள். அவன் பழக்கதோசத்தில் அவளைப் பார்த்தான்.

"இனி நீ என்னவும் கதை. நான் பொறுப்பில்லை" என்றாள் சிவலட்சுமி.

முறையை மாற்றி மேனுகா முந்திக்கொண்டாள். கையளவு சோற்றைக் குழைத்து அவன் வாய்க்குள் திணித்தாள்.

"ரெண்டு மாசக் கதை பாக்கி இருக்குது. தொடங்குங்கோ."

கன்னம் உப்பிய வாயோடு, முழுங்கும் வரைகூடப் பொறுக்காமல், சுகிர்தன் கதைக்கத் தொடங்கினான். ஒரு சொல்லும் விளங்கவில்லை. மேனுகா சிரித்த சிரிப்பில் தலையில் வைத்த பூச்சரம் கழன்று இலையில் விழுந்தது. அவன் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தொடர்ந்து கதைத்தான்.