ஐஸ் பெட்டிக்கு ஒரு போர்வை

காஜிமார் தெருவில் முதல் ஐஸ் பெட்டி தன் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று அப்துல் வஹீது ஆசைப்பட்டதற்குத் தாகம் காரணமில்லை. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். பக்கத்துக் கடைக்காரர் ரேடியோ வாங்கிவிட்டார், அவ்வளவுதான். உலகச் சண்டை முடிந்த வருஷம், சீமைக்குக் கப்பலேறக் கிளம்பிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அந்த வெள்ளைப் பெட்டி மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. கரண்டே வேண்டாம், அடியில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியைக் கொளுத்தினால் உள்ளே ஐஸ் உறையும் என்றார்கள். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் இருந்த காலம். ஆகவே பெட்டியில் விளக்கு எரிந்தது, வீட்டில் விளக்குகள் அணைந்தன.

அவர் மனைவி மெஹருன்னிசா அதற்கு ஒரு போர்வை தைத்தாள். அந்த வீட்டில் மதிப்பான எந்தப் பொருளும் வெற்று மேனியாக நின்றதில்லை. தையல் மிஷினுக்கு உறை, டிரங்குப் பெட்டிக்கு உறை, சுவர்க் கடிகாரத்துக்குக்கூட ஒரு குல்லாய். ஐஸ் பெட்டிக்குத் தன் கல்யாணப் பச்சைப் பட்டுப்புடவையையே வெட்டி, ஓரத்தில் ஜரிகை வைத்து, தலையும் முதுகும் விலாவும் மூடும்படி தைத்தாள். அறிவுள்ள பெண். புகை போக மேலே வட்டமாக ஓர் ஓட்டையும், விளக்குக்குக் கீழே இடமும் விட்டிருந்தாள்.

வஹீது மனைவியைப் பாராட்டிப் பழகிய மனிதர் அல்ல. சாப்பாடு நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார்; நன்றாக இல்லாவிட்டால் பேசிக்கொண்டே சாப்பிடுவார். அப்பேர்ப்பட்டவர், கடைவீதி ஆட்களைக் கூட்டிவந்து முதலில் காட்டியது பெட்டியை அல்ல, போர்வையை.

"எங்க வீட்டுல தச்சது. மதுரையில எந்தத் தையக்காரனாச்சும் இப்படித் தச்சிருவானா?"

கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற மெஹருன்னிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. அன்று ராத்திரி அவளுக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

பெட்டிதான் குளிரவில்லை.

நோன்பு மாதம் வேறு. தண்ணீரைக் குடித்துப் பார்க்க முடியாது. வீட்டிலிருந்த அத்தனை பேரும் மணிக்கொரு தரம் பெட்டியைத் திறந்து, டம்ளரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இன்னும் இல்ல" என்று சாத்தினார்கள். அடிக்கடி திறப்பதுதான் கோளாறு என்று வஹீது பூட்டுப் போட்டார். தரை சாய்மானம் என்று ஒருவர் சொல்ல, நாலு காலுக்கும் ஓட்டுச் சில்லு வைத்து, மேலே கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தார். திரியைக் கத்தரித்தார். எண்ணெயை வடிகட்டினார். இந்த மாதிரிப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தினால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு பகல் முழுக்க அது தலைகீழாகவும் நின்றது. கண்ணேறு என்று ஓதிப் பார்த்ததும் உண்டு.

கடைசியில் அவனியாபுரத்திலிருந்து ஆயில் இன்ஜின் பழுது பார்க்கும் பால்பாண்டியை வரவழைத்தார். வேலைக்கு ஆள் வந்தால் போர்வையைக் கழற்ற வேண்டும். மெஹருன்னிசா அதை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்; வெளி ஆண்கள் முன்னால் அவள் நிற்பதில்லை. பால்பாண்டி காலையில் திரியைக் கொளுத்தி, பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். திறந்தால் ஐஸ்!

"நல்லாத்தானே ஓடுது பாய்?" என்று குழப்பத்தோடு கிளம்புவார். அவர் தெருமுக்குத் திரும்புவதற்குள் பெட்டிக்குப் போர்வை ஏறிவிடும். மறுநாள் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்.

மூன்றாவது முறையும் இப்படியே நடந்தபோது, பெட்டி பால்பாண்டிக்குப் பயப்படுகிறது என்று வஹீது முடிவுக்கு வந்தார். பால்பாண்டியின் பழைய சட்டை ஒன்றை வாங்கி எதிரே மாட்டி வைக்கலாமா என்றுகூட யோசித்தார்.

இதற்குள் விஷயம் அவர் மச்சான் சேக் இஸ்மாயிலின் காதுக்கு எட்டிவிட்டது. "என்ன மாப்ள, உங்க வீட்டுல வெந்நி போடுறதுக்குப் புதுசா பெட்டி வந்திருக்காமே?" என்று கடைவாசலில் நாலு பேர் நடுவே கேட்டார். வஹீதுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை நோன்பு தெறக்க எங்க வீட்டுக்கு வாங்க. எல்லாரும் வாங்க. ஐஸ் போட்ட சர்பத்து தாரேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு அவனியாபுரத்துக்கு ஆள் அனுப்பினார்.

பால்பாண்டி மறுபடி வந்தார்.

"பாய், அடியில கொளுத்துற சூடு பூராம் முதுகு வழியா வெளிய போகணும். போனாத்தேன் உள்ள குளிரும். முதுகுக்குக் காத்து வேணும்."

"சொவத்துக்கும் அதுக்கும் ஒரு முழம் விட்டிருக்கேன். இன்னும் எம்புட்டுக் காத்து வேணும்? கொடைக்கானலுக்கா கூட்டிட்டுப் போக முடியும்?"

திரைக்குப் பின்னால் மெஹருன்னிசாவின் மடியில் போர்வை இருந்தது. முதுகுப் பக்கம் ரெட்டைத் துணி, அவளே ஆசையாகக் கொடுத்த உள்துணி. அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. சொன்னால் பெட்டி பிழைக்கும். அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு செத்துப்போகும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அவர் தலைகுனிவார். அதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வியாழக்கிழமை போர்வையை டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வண்ணார் வெளுக்க எடுத்துப்போயிருக்கிறார் என்று சொன்னாள். பொய்தான். நோன்பு நாளில் பொய் சொல்ல வேண்டியிருந்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பெட்டிக்குள் ஐஸ் பாளம் பாளமாக இருந்தது. சேக் இஸ்மாயில் சர்பத்தைக் குடித்தார், பல் கூசியது, இன்னொரு டம்ளர் கேட்டார். தோற்றவர் கேட்கும் இரண்டாவது டம்ளரைப்போல வஹீதுக்கு இனித்தது வேறொன்றும் இல்லை. தான் அதட்டிய அதட்டலில் பெட்டி வழிக்கு வந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். பிறகு பெட்டியைத் தடவிக்கொடுத்தார்.

"இன்னைக்கு இது மொட்டையா நிக்குது மச்சான். போர்வை வெளுக்கப் போயிருக்கு. அதோட பாக்கணும் நீங்க! ஐஸை எவன் வேணாலும் வாங்கிறலாம். அந்தப் போர்வை என் வீட்டுல மட்டுந்தேன் இருக்கு."

உள்ளே மெஹருன்னிசா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் விடியலுக்கு முந்திய சஹர் சாப்பாடு முடிந்ததும் வஹீது முதல் வேலையாகப் போர்வையைக் கேட்டார். வண்ணார் ராத்திரியே கொண்டுவந்து போட்டுவிட்டார் என்று சொல்லி அவளும் எடுத்துக்கொடுத்தாள். ஒரு நாளும் துணி மடித்தறியாத மனிதர், தன் கையாலேயே அதைப் போர்த்தி, சுருக்கம் நீவி, நாடாக்களை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டார். ஜரிகை ஓரத்தைத் தடவிப் பார்த்து, "எம்புட்டு நுணுக்கமா தச்சிருக்க" என்றார்.

சாயங்காலம் பெட்டியில் ஐஸ் தண்ணீராகியிருந்தது. வஹீது எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, தலையில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நல்லா இருந்துச்சே மெஹரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. உனக்கு ஏதாச்சும் தெரியுதா?"

மெஹருன்னிசா அவருக்கு நோன்பு திறக்க மண்பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வைத்தாள்.

"மிஷினைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? பால்பாண்டியக் கூப்பிட்டு விடுங்க."