அறுபத்திரண்டாவது மீட்டர்

மஸ்கெலியா டவுனில் கரண்ட் வேலை என்றால் கஜேந்திரன்தான். கோயில் திருவிழாவுக்கு லைட் கட்டுவதிலிருந்து புதுக்கடைக்கு வயரிங் செய்வதுவரை, பதினைந்து வருஷத்தில் அவன் கைபடாத சுவர் அந்தக் கடைத்தெருவில் குறைவு. அவன் மனைவி ஜீவராணி கலியாணத்துக்கு முன்பிருந்தே போன் கடையில் வேலை பார்த்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஹட்டனில் நெட்வொர்க் வகுப்பு தொடங்கியபோது அவளுக்குப் படிவம் வாங்கிக்கொண்டு வந்தவன் கஜேந்திரன். "எம் பொண்டாட்டி படிக்கிறா" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று பத்துப் பேரிடம் சொன்னவனும் அவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவன் செய்ததைக் கேட்கிறவர்களுக்கு, இவன் பிறவியிலேயே வயிற்றெரிச்சல்காரன் என்று தோன்றிவிடும்.

போன நவம்பரில் நல்லதண்ணியிலிருந்து வேலை வந்தது. முத்துலிங்கம் முதலாளியின் லொட்ஜுக்குப் பன்னிரண்டு கமரா பூட்ட வேண்டும், எல்லாம் வெளிப்புறத்தில். டிசம்பரில் மலை யாத்திரை சீசன் தொடங்கிவிட்டால் மலை ஏற வருகிறவர்களின் வான்கள் அவருடைய வளவு முழுக்க நிற்கும். லொட்ஜ் கட்டியபோது வயரிங் செய்தவன் என்பதால் அவர் கஜேந்திரனைத்தான் கூப்பிட்டார். "இதையும் நீங்களே பாருங்க பாஸ்" என்றார். மேசனோ, தச்சனோ, கரண்ட்காரனோ, கைவேலை தெரிந்த எவனும் அந்தப் பக்கத்தில் 'பாஸ்'தான். அது மரியாதையான பேச்சு. கஜேந்திரனுக்கும் அதுவரை அப்படித்தான் இருந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்த முதல் பெரிய வேலை. சுவரில் துளை போடுவது, பைப் அடிப்பது, வயர் இழுப்பது, கமராவைப் பூட்டுவது அவன் பொறுப்பு. ஒவ்வொரு கமராவுக்கும் தனித்தனி இலக்கம் கொடுத்து, ரெக்கோடரோடு சேர்த்து, முதலாளியின் போனில் தெரியவைப்பது அவள் பொறுப்பு.

இரண்டாம் நாள் முதல் கமரா திரையில் வந்தது. வாசல் கேட்டும், அதன்மேல் படுத்திருந்த பூனையும் துலக்கமாகத் தெரிந்தன. முத்துலிங்கம் முதலாளி வாயைப் பிளந்தார்.

"மிஸ், நான் கொழும்புல இருந்தாலும் இது தெரியுமா?"

"தெரியும் முதலாளி. போன்லயே பாக்கலாம். ஆள் நடமாடுனா மணி அடிக்கிற மாதிரியும் வெக்கலாம்."

அந்த நிமிஷத்திலிருந்து எல்லாம் மிஸ்தான். கேட்டுக்கு எந்தப் பக்கம் கமரா வைக்கலாம், மிஸ்? மழைக்குத் தாங்குமா, மிஸ்? தேத்தண்ணி வந்தது. மிஸ்ஸுக்கு ஒபிசுக்குள் கோப்பையும் சாசரும், இரண்டு பிஸ்கட்டும். பாஸுக்கு ஏணிக்கடியில் ஒரு கிளாசில். கஜேந்திரன் இறங்கிவந்து பார்த்தபோது கிளாசின் விளிம்பில் ஆடை கட்டியிருந்தது. சின்ன விஷயம். ஆனால் மனசில் முள் ஏறுவதற்குக் கடப்பாரை தேவையில்லை.

மூன்றாம் நாள் வான் நிறுத்துமிடத்தில் வேலை. அங்கே நாலு கமரா. நாலின் வயரும் கம்பத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஒரே வயராக ஒபிசுக்குப் போகவேண்டும். ஜீவராணி காலையிலேயே சொன்னாள், அதுவும் முதலாளியை வைத்துக்கொண்டு:

"ஏங்க, இந்த வயர மட்டும் அளந்துட்டு இழுங்க. நடுவுல ஒட்டு போடக்கூடாது. ஈரம் எறங்கிச்சின்னா நாலு கமராவும் போயிரும். பத்தலன்னா சொல்லுங்க, ஹட்டன்ல இன்னொரு ரோல் எடுக்கலாம்."

"எனக்குத் தெரியாதா?" என்றான் கஜேந்திரன், சிரித்துக்கொண்டுதான்.

முதலாளி சும்மா இருந்திருக்கலாம். "மிஸ் சொல்றத கேளுங்க பாஸ்" என்றார்.

அவன் அளக்கவில்லை. பதினைந்து வருஷமாகக் கண்ணால் அளந்தே பழகியவன். ஒபிசிலிருந்து இழுத்துவந்த வயர் பத்தவில்லை, சமையலறைச் சுவரின் மூலையோடு தீர்ந்துபோனது. இன்னும் இருபது மீட்டருக்கு மேல் வேண்டும். ஒபிசுக்குப் போய், "ராணி, வயர் பத்தல" என்று சொல்ல ஒரு நிமிஷ நடைதான். அந்த ஒரு நிமிஷத்துக்கு அவன் கால் எழவில்லை. பையில் கிடந்த மிச்ச வயரை எடுத்தான். கம்பிக்குக் கம்பி முறுக்கினான், டேப்பை மூன்று சுற்றுச் சுற்றிப் பைப்புக்குள் தள்ளி மூடினான். பின்னேரம் நாலு கமராவும் திரையில் வந்தன. "பாத்தியா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

வேலை முடிந்த அன்று முதலாளி படம் ஒன்று எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். ஜீவராணி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். 'எமது லொட்ஜின் பாதுகாப்பை நவீனமாக்கிய ஜீவராணி மிஸ்ஸுக்கு நன்றி.' அவளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஏணி. ஏணியில் இரண்டு கால்கள்.

"மச்சான், ஒன் கால் நல்லா விழுந்திருக்கு" என்றார்கள் பஸ் ஸ்டாண்டில். கஜேந்திரனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஜீவராணியின் முகத்தில் ஒரு வெளிச்சம். அது தன்னைப் பார்க்கும்போது வருகிற வெளிச்சம் இல்லை என்று அவனுக்குப் பட்டது. அவள் அந்தப் படத்தைத் தன் அக்காவுக்கு அனுப்பினாள், தம்பிக்கு அனுப்பினாள், வகுப்பு நடத்திய வாத்தியார் சேருக்கும் அனுப்பினாள். ஒவ்வொரு தடவை போன் 'டிங்' என்று கத்தும்போதும் அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

சீசன் தொடங்கி இரண்டாவது கிழமை நல்லதண்ணியில் விடாத மழை. வான் நிறுத்துமிடத்து நாலு கமராவும் ஒன்றாக அணைந்தன. வெயில் வந்ததும் தாமாகவே திரும்ப வந்தன. மறுபடி மழை, மறுபடி இருட்டு. மூன்றாவது தடவை முதலாளி போன் எடுத்துக் கூப்பிட்டார். இருவரும் பஸ் ஏறிப் போனார்கள்.

ஜீவராணி பெட்டியைத் திறந்து பார்த்தாள். இரண்டு முனையிலும் வயரின் தலையை வெட்டிப் புதிதாகப் பூட்டினாள். பிறகு, முதலாளி நின்றுகொண்டிருக்கும்போதே திரும்பிக் கேட்டாள்.

"ஏங்க, இந்த வயர்ல எங்கயாவது ஒட்டு போட்டீங்களா?"

கேட்ட தொனியில் ஒரு குற்றமும் இல்லை. டாக்டர் நோயாளியைக் கேட்பதுபோலக் கேட்டாள். ஆனால் முதலாளியின் கண் அவன்மேல் வந்து நின்றது.

"ஒட்டா? நானா? இல்லையே" என்றான். சொன்னதோடு நிறுத்தவுமில்லை. "நாலும் ஒண்ணா போகுதுன்னா அது வயர் இல்ல புள்ள. ஒன் பக்கத்து வேலையிலதான் என்னமோ கோளாறு."

அவள் நம்பினாள். புருஷன் இல்லை என்று சொன்னபிறகு வயரைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை. அதனால் தன்னைச் சந்தேகிக்கத் தொடங்கினாள்.

மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கொப்பியில் எழுதிவைத்த இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இரண்டு கமராவுக்கு ஒரே இலக்கம் விழுந்திருக்குமோ என்று தேடினாள். வகுப்பு சேரிடம் போனில் கேட்டாள். பெட்டியையே மாற்றிப் பார்த்தாள். மழை வந்தது, நாலும் போயின.

அந்த மூன்று நாளும் கஜேந்திரனைப்போல் அன்பான புருஷன் மஸ்கெலியாவில் இல்லை. காலையில் அவனே ரொட்டி சுட்டான். சம்பல் இடித்தான். தேத்தண்ணி ஊற்றி அவள் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினான்.

"விடு புள்ள. படிச்சதெல்லாம் வேலைக்குன்னு வரும்போது அப்படியே வந்துருமா? போகப் போக அனுபவம் வரும்."

அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் தன்னிடம் சாய்ந்தது அவனுக்குத் தேனாக இருந்தது. அப்படி இனிக்கிறதே என்று தன்மேலேயே கொஞ்சம் பயமும் வந்தது. பயத்தைவிட இனிப்பு கூடுதலாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் லொட்ஜில் நின்ற ஒரு வானின் பக்கக் கதவை யாரோ நீளத்துக்குக் கீறிவிட்டுப் போய்விட்டார்கள். வான்காரர் சிங்களத்தில் சத்தம் போட்டு, கமராவைக் காட்டு என்று நின்றிருக்கிறார். கமராவில் ஒன்றுமில்லை. முதலாளி ஜீவராணிக்குப் போன் எடுத்தார். அவர் போட்ட சத்தம் அடுப்படியில் நின்ற கஜேந்திரனுக்கும் கேட்டது.

"படிச்ச புள்ளன்னு நம்பித்தானே குடுத்தேன் மிஸ்? ஊரெல்லாம் பாக்கப் போட்டோ வேற போட்டேன். இப்ப நான் என்ன செய்ய? கண்டியிலேருந்து வேற ஆள் வரச்சொல்லியிருக்கேன். ஒங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமே."

"இன்னும் ரெண்டு நாள் குடுங்க முதலாளி" என்றாள் அவள். குரல் உடையாமல் சொல்ல அவள் பட்டபாடு அவனுக்குத் தெரிந்தது. அவள் ஏச்சு வாங்குவதைக் கேட்டால் இனிக்கும் என்றுதான் நினைத்திருந்தான். இனிக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று அடுப்படி வாசல்வரை வந்தான். அவள் நிமிர்ந்து, "ஒண்ணுமில்லங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். அதிலிருந்த 'நான்' அவனைக் குத்தியது. திரும்பிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஜீவராணி தனியாக ஹட்டனுக்குப் போனாள். வயர் எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று அளந்து சொல்லும் கருவி ஒன்றை வகுப்பு சேரிடம் இரவல் வாங்கிக்கொண்டு நேரே நல்லதண்ணிக்குப் போய்விட்டாள். பத்து மணிக்குக் கஜேந்திரனுக்குப் போன் வந்தது.

"ஏங்க, ஒங்க அளக்கிற நீட்டு டேப்ப எடுத்துக்கிட்டு வாங்க. வயர்லதான் என்னமோ இருக்கு."

அவன் போனபோது மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. ஒபிஸ் மேசையில் அந்தக் கருவி கிடந்தது. சின்னத் திரையில் 62 என்று காட்டியது.

"அறுபத்திரண்டு மீட்டர்ல அறுந்த மாதிரி காட்டுது. கம்பெனியிலேயே பழுதான வயரா இருக்கும். நீங்க நுனியப் புடிச்சிக்கிட்டு பைப் ஓரமா நடங்க, நான் இலக்கம் பாக்கிறேன்."

கம்பெனிப் பழுது. இப்போதும் அவள் அவனைச் சந்தேகிக்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். இருபது மீட்டரில் அடையாளம் வைத்தார்கள். நாற்பதில் வைத்தார்கள். தண்ணீர்த் தாங்கியைத் தாண்டி ஐம்பது. சமையலறைச் சுவர் தெரிந்தது. அவன் கால் நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்டீங்க? இன்னும் பன்னெண்டு இருக்கு."

"ராணி."

"என்னங்க?"

"அளக்க வேணாம். அந்த மூலையிலதான். நான்தான் ஒட்டு போட்டேன்."

அவள் டேப்பைக் கீழே போட்டுவிட்டு மூலைக்குப் போய், பைப்பின் மூடியைத் திருகித் திறந்தாள். உள்ளிருந்து கலங்கல் தண்ணீர் வழிந்தது. ஒட்டின்மேல் சுற்றியிருந்த டேப் நெகிழ்ந்து தொங்க, செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. சத்தம் கேட்டு முத்துலிங்கம் முதலாளி பின்வாசலுக்கு வந்தார்.

"என்ன மிஸ், கண்டுபிடிச்சாச்சா?"

ஜீவராணி கஜேந்திரனைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவும் இல்லை, மறைத்துப் பேசவும் இல்லை.

"என் வேலைதான் முதலாளி" என்றான் கஜேந்திரன். "போடாதேன்னு சொன்ன ஒட்ட நான் போட்டேன். அன்னைக்கு ஒங்க முன்னாடி கேட்டப்போ இல்லன்னு பொய் சொன்னேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் ஏசுனதெல்லாம் அந்தப் புள்ளயவா?" என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "பன்னெண்டு வருசமா ஒங்க வயரிங்க நான் ஒரு நாளும் திறந்து பாத்ததில்ல பாஸ்."

அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை ஏசியிருந்தாலும் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. அன்றைக்கே ஹட்டனிலிருந்து புது ரோல் வந்து, ஒட்டில்லாமல் எண்பத்தைந்து மீட்டரும் இழுத்து முடிக்கப் பின்னேரமாகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஜீவராணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் மஸ்கெலியா குளத்தை நெருங்கியபோது அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒட்டு போட்டது எனக்குப் பெருசில்ல" என்றாள். "யாருக்கும் நடக்கிறதுதான். ஆனா மூணு நாளு நான் பைத்தியக்காரி மாதிரி தேடுனப்போ, பக்கத்துல ஒக்காந்து தேத்தண்ணி ஊத்திக் குடுத்தீங்களே. அத எங்க வெக்கிறதுன்னு தெரியலங்க."

"எனக்குப் பொறாம புள்ள." அந்தச் சொல்லை அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றிச் சொன்னான். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவன் கவலைப்படவில்லை.

"தெரியும். அந்தப் போட்டோ வந்த அன்னைக்கே தெரியும். தானாப் போயிரும்னு நெனச்சேன்."

அடுத்த வேலை ஹட்டனில் ஒரு சாமான் கடைக்கு. அதற்கு ஜீவராணி அழகுமுத்து என்கிற வேறொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனாள். சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. காலையில் சோறு கட்டி வைத்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான். கஜேந்திரன் வீடுகளுக்கு வயரிங் செய்தான். இப்போது அழகுமுத்துமேலும் எரிச்சல் வந்தது. அவன் எப்படி வயர் இழுப்பான், அளந்துதான் இழுப்பானா என்றெல்லாம் மனசு கேட்டது. வெளியே கேட்க அவனுக்கு வாயில்லை.

மார்ச் மாதம் ஒரு காலை, பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டே ஜீவராணி சொன்னாள்: "அழகுமுத்து மகளுக்குக் காய்ச்சலாம். இன்னைக்கு வர்றீங்களா?"

போனான். தேயிலைத் தூளைச் சின்னச் சின்னப் பக்கெட்டுகளில் அடைக்கும் ஒரு ஸ்டோருக்கு வெளியே ஆறு கமரா. ஸ்டோர்காரர் அவளை மிஸ் என்றார், அவனைப் பாஸ் என்றார். குத்தியது. குத்தாது என்று அவன் எதிர்பார்த்ததும் இல்லை. டேப்பை எடுத்துச் சுவர் நீளத்தை அளந்து, இலக்கத்தை அவளிடம் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினான்.

மத்தியானம் ஸ்டோரின் பின்பக்கப் படியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள்.

"ராணி, கமராவுக்கு என்னமோ இலக்கம் குடுக்கிறியே, அது என்னா?"

அவள் கையிலிருந்த கவளத்தோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அவன் அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

"தோட்டத்து லயத்துல வீட்டுக்கு வீடு காம்பரா நம்பர் இருக்கில்ல, அது மாதிரின்னு வெச்சிக்கோங்க. ஒரே நம்பர்ல ரெண்டு குடும்பம் இருந்தா கடிதம் யாருக்குப் போகும்?" என்று தொடங்கினாள். சாப்பிட்டு முடியும்வரை சொன்னாள். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. மிச்சத்தைப் பஸ்ஸில் கேட்கலாம் என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.