பெரியாயி கூப்பிட்ட பெரட்டு

பெரியாயி பெரட்டுக்குக் குரல் கொடுத்தால் நமுனுகுலை மலையே தலைத்துண்டைக் கழற்றிக்கொண்டு வரிசையில் வந்து நிற்கும். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் அவர் கங்காணியாக இருந்தபோது விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிட, மொனராகலையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட "வந்துட்டேங்க" என்று கத்தியைக் கீழே போட்டார்களாம்.

இதை நம்பாத ஒரே மனிதர் மஹ்ரூப். பண்டாரவளையில் புடைவைக்கடை வைத்திருந்தவர். மகன்மார் கட்டாருக்குப் போனபின் பெரியாயி இப்போது இருக்கும், பதுளைக்கு மேலேயுள்ள முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். ஆயுள் முழுக்கத் துணி அளந்தவருக்கு, அளக்க முடியாததெல்லாம் பொய்.

"மலையை விடுங்க பெரியாயி. அந்தா, ஏழாம் கட்டிலை ஒருக்கா எழுப்பிக் காட்டுங்க. அவரு வெறும் கல்லு" என்றார் ஒருநாள் காலையில்.

"கல்லா இருந்தாலும் தோட்டத்துக் கல்லுதானே மொதலாளி!"

ஏழாம் கட்டில் என்பது தோட்டத்தில் வேலை செய்த சின்னராசா. இல்ல மேலாளர் ரஜீவ் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், கட்டில் நம்பர்தான். வருகிறவர்களின் வங்கி அட்டைகளைப் "பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கிப் பூட்டிவிடுவார். மாதாமாதம் வங்கிக்கு முதியோர் கொடுப்பனவு வரும். கைக்கு பிஸ்கட் பக்கற் வரும். மஹ்ரூப் தன் அட்டையைத் தொப்பிக்குள் ஒளித்துத் தப்பினார். பெரியாயி அலுவலக வாசலில் உட்கார்ந்த உட்காரலில் நிலைக்கதவே வளைந்துபோய், அவருடைய அட்டை திரும்பி வந்தது. சின்னராசாதான் வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை.

"புத்தி பேதலிச்ச மனுசன்" என்று சொல்லி, அவருடைய கணக்கை இனி தானே நடத்த ரஜீவ் அனுமதி கேட்டிருந்தார். அதை விசாரிக்க அன்று பகல் சமூகசேவை உத்தியோகத்தர் விஜயலெட்சுமி வந்தார். அவர் ஒப்பமிட்டால் சின்னராசாவின் காசும் சொல்லும் அன்றோடு ரஜீவுக்குத்தான்.

"தாத்தா, நான் பேசுறது விளங்குதா?" என்று விஜயலெட்சுமி குனிந்து கேட்டார். சின்னராசா சுவரையே பார்த்தார்.

"பாத்தீங்களா மிஸ்? நான் சொன்னேன்ல" என்று ரஜீவ் பேனாவை நீட்டினார்.

கதவோரம் நின்ற மஹ்ரூப் திரும்பிப் பார்த்தால் பெரியாயியைக் காணோம். அவர் முற்றத்தில் நின்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார்.

"பெரட்டூ!"

வெலிமடையில் லீக்ஸ் பாத்திகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. தெமோதரையில் ரயில் சுரங்கத்துக்குள்ளேயே நின்று யோசித்தது. இல்லத்திலோ கைத்தடியைத் தேடாமலே தோட்டத்துக் கிழடுகட்டைகள் எழும்பி முற்றத்தில் வரிசை கட்டின. பெரட்டில் வாய் திறக்காதவனுக்கு அன்றைய பேர் விழாது, சம்பளமும் கிடையாது. ஐம்பது வருசப் பழக்கம் முழங்கால் வலிக்கு அஞ்சுமா?

பெரியாயி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். பொக்கை வாய்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லின.

"சின்னராசா!"

பெரியாயி உள்ளே ஏழாம் கட்டில் பக்கம் திரும்பினார்.

"எலேய் சின்னராசா! இன்னைக்குப் பேரு வேணுமா, வேணாமா?"

கட்டில் கிறீச்சிட்டது. சின்னராசா சுவரைப் பிடித்து எழும்பி, தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வந்துட்டேங்க."

விஜயலெட்சுமி சட்டென்று முன்னால் வந்தார். "சின்னராசா ஐயா, உங்க வங்கிக் காட் யாருகிட்ட இருக்கணும்?"

"என் காட்டு என் மடியிலதாங்க இருக்கணும். ஆட்டுக்கறி தின்னு ஒரு வருசமாச்சுங்க. இந்தத் தொரை பிசுக்கோத்து குடுக்கிறாரு."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் பேசல்ல?"

"யாருங்க என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க?"

வரிசையில் சலசலப்பு. "என் காட்டும்! என் காட்டும்!" என்று கைகள் உயர்ந்தன.

ரஜீவ் குறுக்கே வந்தார். "எல்லாம் நாடகம், மிஸ்! இவங்க சொல்லிக் குடுத்துப் பேச வச்சது. மொதலாளியக் கேளுங்க. ஏழாம் கட்டில் கல்லுன்னு காலையில இவரே சொன்னாரு!"

எல்லோரும் மஹ்ரூப்பைப் பார்த்தார்கள். பெரியாயி மட்டும் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், அந்த மகராசி.

மஹ்ரூப் தொப்பியைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

"சொன்னேன்தான் மிஸ், இல்லைங்கல்ல. ஆனா அவரு தானா எழும்பினாரு, தன் வாயால கேட்டாரு. யாரும் சொல்லிக் குடுக்கல்ல. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."