எலும்புக்குள் ஒளிந்த காய்ச்சல்

ஜீவராஜின் இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜை எடுத்து நாலு நாளாகிவிட்டது. இன்றைக்கு முடிவு சொல்வார்கள். ஆஸ்பத்திரி வார்டில், புருஷனின் கட்டிலுக்குப் பக்கத்தில் பிரேமினிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மூன்று வாரமாகக் காய்ச்சல். விட்டுவிட்டு வந்து ஆளை உலுக்கிப் போட்டது. உடம்பில் இரத்தம் பாதியாகிவிட்டது, மண்ணீரல் வீங்கிவிட்டது. விரலில் குத்திப் பார்த்தார்கள், நரம்பில் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. "இரத்தப் புற்றுநோயோ எண்டு பாக்கவேணும்" என்று டாக்டர் சிவகௌரி சொன்னதிலிருந்து பிரேமினி சோற்றைத் தொடவில்லை. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டையை ஒற்றைக் கையால் லொறியில் ஏற்றுகிற மனுஷன்! அவனுக்கா இந்தக் கதி?

டாக்டர் கையில் காகிதத்தோடு வந்தார்.

"புற்றுநோய் இல்லை."

"ஐயோ, என் சாமி!"

"பொறுங்கோ. இது மலேரியா. இரத்தத்தில தேடினா அகப்படாமல், இரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜைக்குள்ள போய் ஒளிச்சிருக்குது. மண்ணீரலுக்குள்ளயும்தான். இந்த நாட்டில இப்ப மலேரியா பரவுறதில்லை. வெளிநாடு போனவரோ எண்டு முதல் நாளே கேட்டனான். நீங்கள்தான் இல்லையெண்டு சொன்னீங்கள்."

"சத்தியமா போகலைங்க டாக்டர். கட்டாரு, டுபாயின்னு எங்கயும் போகல."

"இந்தியா?"

பிரேமினி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வைகாசியில் திருச்சிப் பக்கம் சின்ன மாமனார் வீட்டுக் கல்யாணம். இருவரும் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். வீசா எடுத்து, பிளேன் ஏறித்தான் போனார்கள். ஆனாலும் அவள் மனசுக்கு அது சொந்தக்காரர் வீடு. வெளிநாடென்றால் சம்பாதிக்கப் போகிற இடம்.

"சொந்தக்காரங்க வீடுங்க... அதப் போயி வெளிநாடுன்னு..."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சொல்லியிருந்தா அண்டைக்கே மஜ்ஜைக்குள்ளயும் அதைத் தேடியிருப்பம். இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தா மண்ணீரல் வெடிச்சிருக்கும். சரி, மருந்து வந்துகொண்டிருக்குது. பிழைச்சிடுவார்."

அவர் போனதும் பிரேமினி கட்டிலோரம் குனிந்தாள். "ஏங்க, ஒங்களுக்காச்சும் நெனப்பு வரலையா?"

ஜீவராஜ் மெல்லக் கண்ணைத் திறந்தான். "அன்னைக்கே வந்துச்சு. நீதான் அடிச்சு இல்லன்னுட்டியே. டாக்டரம்மா முன்னால ஒன்னையப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா?"

"பாவி மனுஷா! அதுக்குச் சாகவா பாத்தீங்க?"

அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. பிறகு அவன் கையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். தன் ஒற்றை வார்த்தைக்காக உயிரை விடப் பார்த்தவனை வைவதா கும்பிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.