மிளகுக் கண் எலி

என் மகள் கயல்விழிக்கு அப்போது ஐந்து வயது. மண் தின்பாள். எந்தப் பிள்ளைதான் தின்னவில்லை என்று கேட்காதீர்கள், இவள் தின்றது பீங்கான் மண். பொம்மைக் கம்பெனியிலிருந்து சுடாத பச்சைப் பொம்மைகளைக் கூடையில் வீட்டுக்குக் கொண்டுவந்து பிசிறு சுரண்டிக் கொடுப்பது என் வேலை. பார்த்தால் யானைக்குக் காது இருக்காது, முயலுக்கு வால் இருக்காது. எல்லாம் இவள் வயிற்றில்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்ல பாஞ்சாலை. இப்பிடியே மண்ணு தின்னா ரத்தம் ஏத்தணும்" என்றார். அன்றிலிருந்து தினமும் நாலு தடவை "ஆ காட்டு" என்பேன். நாக்கு வெள்ளையாக இருந்தால் முதுகில் ஒன்று விழும். அப்படியும் நிற்கவில்லை. சோற்றைக் கண்டால் மட்டும் வாயைப் பூட்டிக்கொள்வாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை மாவு கிளறும்போதுதான் யோசனை வந்தது. வெந்த அரிசி மாவு பார்க்க அச்சு அசல் பீங்கான் மண்தான். கயலுக்கும் மூன்று வயதுத் தம்பி அன்புச்செல்வனுக்கும் ஆளுக்கொரு உருண்டை கொடுத்தேன்.

"பொம்மை செய்யுங்க. வெந்ததும் சாமிக்குப் படைச்சிட்டு நீங்களே துன்னலாம்."

"நெசமாவாம்மா? பொம்மைய துன்னலாமா?" என்றாள் கயல்.

"இத துன்னலாம்."

தம்பி பாம்பு என்று ஒன்றை உருட்டி, அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். கயல் எலி செய்தாள். காது கிள்ளி வைத்து, வால் நீட்டி, கண்ணுக்கு இரண்டு மிளகு. சும்மா சொல்லக் கூடாது, கம்பெனிப் பொம்மைக்குக்கூட அப்படி மூஞ்சி அமையாது. இட்லிப் பானையில் வேகும்வரை அடுப்படியை விட்டு நகரவில்லை அவள்.

படைத்து முடித்ததும் எலியை அவள் கையில் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஜைத்தூன் பீவி அக்காவுக்கென்று படைக்காமல் தனியாக எடுத்து வைத்திருந்த நாலு கொழுக்கட்டையைக் கொடுத்துவரப் போனேன். திரும்பி வந்தால் கயலைக் காணோம். பச்சைப் பொம்மைக் கூடைக்குப் பின்னால் குந்தியிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது, உதட்டோரம் வெள்ளை.

"ஆ காட்டு."

காட்டவில்லை. நல்ல நாளும் அதுவுமாக ஓங்கி அறைந்துவிட்டேன். மென்றது வாயிலிருந்து தரையில் விழுந்தது. அதில் ஒரு மிளகு இருந்தது.

பாவி நான். "ஏண்டி இங்க வந்து குந்துன?" என்றேன்.

"தம்பி புடுங்குறான்." பாவாடை மடியிலிருந்து பாதி எலியை எடுத்து நீட்டினாள். "இதயும் துன்னக் கூடாதாம்மா?"

"துன்னலாம் தாயி" என்று ஒரு துண்டு கிள்ளி என் வாயில் போட்டு விழுங்கினேன். அவள் நம்பவில்லை. கண்ணீரைக்கூடத் துடைக்காமல் கிட்டே வந்து என் தாடையைப் பிடித்தாள்.

"ஆ காட்டு."

காட்டினேன். உள்ளே நன்றாக எட்டிப் பார்த்தாள். பிறகு மிச்ச எலியை வாயில் போட்டு மென்றாள்.