‘நானும் இசையும்’, பிறகு நீலா

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலைக்காரர் குவைத்தில் பல வருஷம் இருந்தவர். ரசம் ஊற்றும்போது ஆரம்பித்தார். மோர் வருவதற்குள் முக்கால் கதை சொல்லிவிட்டார். அதற்குள் யாரோ கூப்பிட, இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். கை கழுவும் இடத்தில் தேடினேன், தாம்பூலப் பை கொடுக்கும் இடத்தில் தேடினேன், ஆளைக் காணோம். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘பாலைவனத்துச் செம்மணலைச் சூரியன் தன் பொற்கரங்களால்...’ வேண்டாம். கதாநாயகர் உமாபதி இருந்தது குவைத்தில், ஃபர்வானியாவில், மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசி மிஷினின் முதுகுதான் தெரியும்.

‘1978. இசை என்பதுதான் என்ன?’ இது உமாபதியே எழுதக்கூடிய வரி. அவருக்கே விட்டுவிடுகிறேன்.

‘உமாபதிக்கு எல்லா இசையும் சோகமாகவே கேட்டது.’ இது பரவாயில்லை. உண்மையும்கூட.

2

உமாபதிக்கு எல்லா இசையும் சோகமாகவே கேட்டது. அதைத் தன் ரசனையின் ஆழம் என்று அவர் நம்பினார்.

மின் நிலையத்தில் ஷிப்ட் இன்ஜினியர். ஊருக்குப் போகிற கரண்ட் வினாடிக்கு ஐம்பது துடிப்பு துடிக்கிறதா, மீட்டரில் முள் ஐம்பதில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது உத்தியோகம். டூட்டி முடிந்தால் அவர் வேறு ஆள். தமிழ் மன்றம் ஸ்டென்சில் வெட்டிக் கையால் உருட்டிப் பிரதி எடுக்கிற ‘மணல்மலர்’ மாத இதழில் ‘நானும் இசையும்’ என்று ஒரு பத்தி எழுதிவந்தார். (இருவரில் யார் முதலில் நிற்கிறார் என்பதைக் கவனிக்கவும்.)

ஆல்பங்களின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. உறையின் நிறமே போதும். சிவப்பு உறை, மேல்நாட்டு நடன இசை. அதைப் பற்றி உமாபதி எழுதியது: ‘ஆடுகிறவர்கள் ஆடட்டும். எனக்கு இதில் ஒரு சவ ஊர்வலத்தின் கம்பீரமே கேட்கிறது.’ கறுப்பு உறை, அரபி ஊது வாத்தியம்: ‘அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் பெருமூச்சு.’* நீல உறை, ஆங்கிலப் பாட்டு: ‘இந்த இளைஞனின் குரலில் யந்திர யுகத்தின் களைப்பு. உறையில் இருக்கும் பெண்மணி அவன் மனைவியாக இருக்கலாம்.’ மஞ்சள் உறை, நம் கர்நாடக சங்கீதம்: ‘ரேடியோவில் கேட்டபோது இந்த அம்மையாரிடம் ஓர் அவசரம் இருந்தது. இப்போது பக்குவம் வந்திருக்கிறது.’

* அது கல்யாண வீட்டுக் கும்மாளப் பாட்டு என்று பிற்பாடு தெரிந்தது. திருத்தம் எதுவும் வெளியாகவில்லை.

இத்தனை ரசனைக்கும் வாகனம் ஒரு ரெக்கார்டு பிளேயர். உமாபதி முன்பு சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தபோது, மாற்றலாகிக் கிளம்புகிற வாரத்தில் ஊர் திரும்பும் ஓர் அமெரிக்கரிடம் வாங்கியது. குவைத்தில் வந்துதான் பெட்டியைப் பிரித்தார். அது நூற்றுப்பத்து வோல்ட் சாமான். இங்கே இருநூற்று நாற்பது. தேடிப் பிடித்து, அம்மிக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி நடுவில் வைத்தார்.

“சாதாரண ஆளா இருந்தா நேரா சொருகி எரிச்சிருப்பான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தட்டிக் காட்டுவார்.

3

நீலாவைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். பந்திக்காரர் உமாபதியைப் பற்றி ஒரு கூட்டு, ஒரு பொரியல் தீரும்வரை பேசினார். மனைவியைப் பற்றி ஒரே வரி: “அந்தம்மா நல்லாப் பாடும்.” அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியைச் செய்ய வேண்டும்.

முதலில் செய்த நீலா ஜன்னலோரம் நின்று கண்ணீர்... கிழித்துப் போட்டேன். இரண்டாவது நீலா மாயவரத்துக்காரி. முறையாகச் சங்கீதம் படித்தவள். ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவாள். மஞ்சள் உறை தட்டு ஓடினால் சமையலறையிலிருந்து கூடவே பாடுவாள். பாடிய வேகத்தில் தட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் போவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, வீடு நிறைய ஆட்கள். உமாபதி கையைத் தூக்கி நிறுத்தினார்.

“நீலா, சுருதி எங்கயோ போவுது. தட்டு சொல்றதக் காது குடுத்துக் கேளு.”

மன்றச் செயலாளர் சிவசங்கரன் சிரித்தார். “விடுங்க சார், பெரிய வித்வாம்சினி கூடப் போட்டி போட முடியுமா?”

பஜ்ஜி வந்தது, காபி வந்தது. அன்றிலிருந்து சமையலறையிலிருந்து பாட்டு மட்டும் வரவில்லை.

 ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கற்கண்டு மட்டும் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. எறும்பு என்று உமாபதி நினைத்தார்.

இப்போது மன்றத்து ஆண்டுவிழா வருகிறது. பாட வேண்டியவர் லீவில் போய்விட்டதால் சிவசங்கரன் நீலாவிடமே வந்து நின்றார்.

“ஒரு அரைமணி நேரம் நீங்கதான் மேடம் காப்பாத்தணும்.”

“எனக்குத்தான் சுருதி நிக்க மாட்டேங்குதே.”

“அட, அன்னிக்குச் சும்மா தமாஷுக்குச் சொன்னது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரேன். நோட்டீஸ் அடிக்கணும்.”

“பாக்கலாம்” என்றாள் நீலா, உமாபதியைப் பார்த்துக்கொண்டு.

4

அந்த வெள்ளிக்கிழமை மதியம் புஷ்பமேரி வீட்டில் சாப்பாடு. புஷ்பமேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ், கணவர் பத்திநாதன், இருவரும் தூத்துக்குடிப் பக்கம். நீலாவுக்குத் தலைவலி, வரவில்லை.

(அந்தத் தலைவலியை நம்பாதீர்கள். நானும் முதலில் நம்பினேன்.)

மீன் குழம்புக்குப் பிறகு புஷ்பமேரி புதிதாக வாங்கிய பிளேயரில் ஒரு தட்டைப் போட்டாள். நீல உறை. துள்ளிக் குதித்துக்கொண்டு ஒரு பெண் குரல் வந்தது.

“அண்ணாச்சி, இந்தப் புள்ளயத்தான ஆம்பளன்னு எழுதியிருந்திய?”

உமாபதி ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. “உங்க மிஷின் வேகமா ஓடுது சிஸ்டர். கடைக்காரன் ஏமாத்திட்டான்.”

“எங்க மிஷின் ஓடுற வேகத்துல பொம்பளையாயிட்டானாக்கும்?” என்றார் பத்திநாதன். “உறைலயும் பொம்பள படந்தான அண்ணாச்சி போட்டுருக்கு?”

“அது மனைவி.”

புஷ்பமேரி சிரிப்பை அடக்கமுடியாமல் தண்ணீர் எடுக்கப் போனாள். உமாபதி செருப்பை மாட்டினார். வழியெல்லாம் கடைக்காரனைத் திட்டினார். வீட்டு வாசல் வருவதற்குள் திட்டு நின்றுவிட்டது. நீலா உள்ளறையில் படுத்திருந்தாள். அவர் பிளேயரைத் திருப்பி, பின்பக்கத்துத் தகரத்தைத் துடைத்துப் பார்த்தார்.

அறுபது என்று போட்டிருந்தது.

அமெரிக்கர்கள் போட்ட தம்மாம் கரண்ட் வினாடிக்கு அறுபது துடிப்பு. மோட்டார் அந்தத் துடிப்புக்குத்தான் சுற்றும். குவைத்தில் ஐம்பது, ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். குரல் இறங்கும், ஆட்டம் ஊர்வலமாகும், பெண் ஆணாவாள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டைத்தான் மாற்றும், துடிப்பைத் தொடாது. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? சம்பளமே அதற்குத்தான்.

இந்த இடத்தில் ‘அவர் நெஞ்சு’ என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. நியாயமாகச் சொன்னால், முதலில் அவருக்கு வலித்தது பத்திதான். சவ ஊர்வலம், பெருமூச்சு, பக்குவம் எல்லாம் மோட்டாருடையவை. தூக்கி நிறுத்திய தன் கை ஞாபகம் வந்தது கொஞ்சம் கழித்துத்தான். நீலா ஐந்து கட்டையில் ஒழுங்காகத்தான் பாடினாள். மூன்று கட்டைக்கு இறங்கியது தட்டு.

5

இனி அவர் என்ன செய்வார்? ‘உடனே போய் மன்னிப்புக் கேட்டார்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. அத்தனை பத்தி எழுதிய மனிதர் அப்படிச் செய்யமாட்டார்.

உமாபதி திரும்பப் போய்ப் பத்திநாதனின் பிளேயரை இரவல் கேட்டுத் தூக்கிவந்தார். திட்டம் இது: சரியான வேகத்தில் மஞ்சள் உறையைப் போடுவது, நீலாவைக் கூடப் பாடச் சொல்வது, இரண்டும் ஒட்டி நிற்கும், உடனே, ‘பாத்தியா, நான் சொன்னப்புறம் எப்பிடிச் சேருது!’ என்பது. நீலாவுக்கு மேடை, தனக்கு மானம். மோட்டார் சங்கதி யாருக்கும் தெரியாது. திட்டத்தில் ஓட்டையே இல்லை.

“இது யாரோடது?” என்று வந்தாள் நீலா.

“பத்திநாதனோடது. நம்மது சர்வீஸ் பண்ணணும். ஒரு தடவை தட்டு கூடப் பாடேன். சிவசங்கரன் வர நேரம்.”

“நானே கேக்கணும்னு இருந்தேங்க.” கையிலிருந்த டம்ளரில் பனங்கற்கண்டுத் தண்ணீர். “அன்னிக்கு நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னது எனக்கு ரொம்பக் குத்திடுச்சு. நீங்க டூட்டி போனப்புறம் தெனம் தட்டப் போட்டு, அது எங்க நிக்குதோ அங்கயே தொண்டைய எறக்கி எறக்கிப் பழகினேன். முதல்ல காத்துதான் வந்துச்சு. இன்னிக்கு மத்தியானம் ஒரு எடத்துலகூடப் பிசகல.”

உமாபதி ஊசிக்கையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? தட்டக் கேட்டுச் சுருதி எடுத்தா அதுல என்ன பெருமை இருக்கு? நான் மொதல்ல எடுக்கறேன், நீங்க அப்புறம் ஊசிய வையுங்க. சேந்து நின்னா சிவசங்கரன் சார்கிட்ட சரின்னு சொல்லிடறேன். நிக்கலன்னா...” டம்ளரைக் கீழே வைத்தாள். “இனிமே இந்தப் பேச்சே வேணாம்.”

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். மூன்று கட்டை. அடிவயிற்றிலிருந்து, அவசரமில்லாமல், அந்தப் பாட்டுக்கு இப்படி ஒரு தரைத்தளம் உண்டா என்று கேட்கவைக்கும் குரல். உமாபதிக்கு அடைமொழி ஒன்றுகூட வரவில்லை.

6

முடிவுகள். கைவசம் மூன்று இருந்தன.

கரண்ட் போய்விடுகிறது. நல்ல முடிவு, ஆனால் அவர் வேலை பார்ப்பது மின் நிலையத்தில், அந்த ஊரில் கரண்ட் போகாது. ஊசி உடைகிறது. இரவல் சாமான், பத்திநாதன் பாவம். உமாபதி உண்மையைச் சொல்கிறார். சொன்னால் அவள் கேட்கிற முதல் கேள்வி, “அப்ப நான் எறக்கினதெல்லாம்?” அதற்கு நான் அவருக்கு ஒரு பதில் எழுதித்தர வேண்டும். ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஊசியை வைத்தால் தட்டு ஐந்து கட்டையில் ஆரம்பிக்கும். அவள் மறுபடி தப்பாவாள். வைக்காவிட்டால் கண்ணைத் திறப்பாள்.

வாசலில் மணி அடிக்கிறது. சிவசங்கரன்தான். ஊசிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு விரல்கடை இருக்கிறது. நீலா பல்லவியின் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டாள். உமாபதி என் முகத்தைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

இந்தாருங்கள், ஊசிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை நடுங்கினால் கீறல் விழும். பார்த்து.